முப்பதில் பூட்டிய லாரி

என் தம்பி மனைவி ஷமாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தும் சைக்கிள்கூடப் பழகியதில்லை. ஆனால் சவூதியில், தம்மாமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டிரெய்லர் கம்பெனியின் கேம்ப்புக்குப் போய் அவள் பெயரைச் சொன்னால், நாற்பது டிரைவர்கள் எழுந்து நாற்காலி போடுவார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற லாரிகளுக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பவள் அவள்தான்.

நான் மஜீதா. குன்னூர் மார்க்கெட்டில் தைலம், டீத்தூள், வர்க்கி விற்கிற கடை என்னுடையது. என் வாய் கொஞ்சம் நீளம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைக்கு மேலேயே வீடு. அதில் நானும் ஷமாவும்தான் இருக்கிறோம். அவளை எனக்குக் கொடுத்துவிட்டு என் தம்பி ரஃபி மணலில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ஷமா தேயிலை ஏலத்துக்குப் பட்டியல் தயாரிக்கிற ஒரு புரோக்கர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எந்த எஸ்டேட், என்ன ரகம், எத்தனை மூட்டை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணாக அடிக்க வேண்டும். ஒரு சைபர் கூடிப்போனால் யாராவது ஒரு எஸ்டேட்காரர் போனில் பிடித்துக் காய்ச்சுவார். இவள் வந்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு போன் வந்ததில்லை என்று அவள் ஆபீஸ் இந்துவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பேச்சு குறைவு, கண் கூர்மை. என் வீட்டில் எனக்கு நேர்மாறாக ஒருத்தி இருப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ரஃபி சவூதிக்குப் போகும் முன்பு பதினோரு வருடம் குன்னூரிலிருந்து கொச்சிக்குத் தேயிலை லாரி ஓட்டினான். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அவன் வண்டி ஒரு கல்லில் உரசியதில்லை. லாரி முதலாளி வண்டியை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். இவன் ஆறு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். எனக்குச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் ஆகாது. என் கணவரின் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, நச்சரித்து, விசா வாங்கிக் கொடுத்தேன். அவனை அனுப்பி வைத்தவள் நான்தான். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் சொல்வதில் நியாயம் இருக்காது.

போய் ஏழு வருடம் ஆகிறது. முதல் லீவில் நிக்காஹ். நிக்காஹ் முடிந்த முப்பத்தெட்டாம் நாள் கிளம்பிவிட்டான். அடுத்த லீவில் ஐம்பத்தெட்டு நாள் இருந்தான். ஐந்து வருடத் தாம்பத்தியத்தில் இவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது தொண்ணூற்றாறு நாள். நான் எண்ணவில்லை. எண் விஷயத்தில் தப்பே செய்யாத ஷமா எண்ணி வைத்திருந்தாள்.

அந்த இரண்டாவது லீவில், ஒரு ஜூலை மாதம், மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவளைக் கூட்டிவரப் போனான். கார் கிடைக்கவில்லை. பழைய சிநேகிதன் ஒருவனுடைய காலி லாரி மேலே ஏறுவதாக இருந்தது. அதை இவனே வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டு மருமகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கெட்டில் இறக்கியவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். நான் வாசலிலேயே வைத்துத் திட்டினேன். ஷமா மட்டும் பக்கத்தில் நின்று சிரித்தாள். இரண்டு மணி நேரம் இரண்டாவது கியரிலேயே வந்தார்களாம். பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் உடைத்துத் தின்றார்களாம். அதைப் பற்றி அவள் பத்து தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பாள். அவள் வேறெதையும் இரண்டாம் தடவை சொல்பவள் இல்லை.

சரி, இந்த கேம் விஷயத்துக்கு வருகிறேன். சவூதியில் இவன் ஓட்டுகிற டிரெய்லரை எண்பது கிலோமீட்டரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். "காலை எவ்வளவு அழுத்துனாலும் எண்பதுக்கு மேல போகாதுக்கா. நேர் ரோடு. வளைவே கிடையாது. தூங்கீடக் கூடாதுன்னு வாய்விட்டுப் பாடீட்டே ஓட்டறேன்" என்பான். அவனோடு அறையில் இருக்கும் சில்வஸ்டர், நம்ம சேரம்பாடிக்காரன், பாதி மலையாளம் பேசுபவன், ஒரு லாரி கேமைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியிருக்கிறான். நாள் முழுக்க லாரி ஓட்டிவிட்டு வந்து அறையில் உட்கார்ந்து மறுபடியும் லாரி ஓட்டுவார்களா என்று நான் கேட்டேன். ஓட்டுகிறார்கள். கேம்ப்பில் பாதிப் பேர் ஸ்டீரிங்கும் பெடலும் வாங்கி மேஜையில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த கேமுக்கு ஊர் ஊராக ரோடு வரைந்து இலவசமாக விடுகிற ஆட்கள் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலைப்பாதையை வரைந்து வைத்திருந்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் நம்பர் பலகையோடு இருந்தது. ரஃபி அதைப் பார்த்த அன்று போன் செய்து அழுதுவிட்டான். ஆண்பிள்ளை அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது, போனை ஷமாவிடம் கொடுத்துவிட்டேன்.

கேமிலும் லாரியைத் தொண்ணூறில் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். பகலெல்லாம் பூட்டு, ராத்திரியும் பூட்டா என்று இவனுக்கு எரிச்சல். "நீ கம்ப்யூட்டர் படிச்சவதான, இதை எப்படியாச்சும் கழட்டிக் குடு" என்று ஷமாவிடம் கேட்டான். அவள் மாலையில் ஆபீஸ் விட்டு வந்து, யார் யாரோ எழுதி வைத்ததைப் படித்து, பத்து நாளில் கற்றுக்கொண்டாள். லாரியின் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒவ்வொரு ஃபைல் இருக்குமாம். அதைத் திறந்தால் வரிவரியாக எண்கள். எண்ணை மாற்றி மூட்டை கட்டி அனுப்பினால் அதற்கு மோட் என்று பெயர். முதல் தடவை அனுப்பியது திறக்கவே இல்லை. எங்கோ ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை லாரி இருநூற்றைம்பதில் பறந்தது.

அவ்வளவுதான். கேம்ப் முழுக்கத் தீ மாதிரிப் பரவிவிட்டது. அதற்குக் குன்னூர் மோட் என்று பெயரே வைத்துவிட்டார்கள். சில்வஸ்டர் போனைப் பிடுங்கி, "ஷமா சேச்சி, எனக்கு எஞ்சின் இனியும் ஸ்ட்ராங் ஆக்கித் தரணும்" என்பான். பஞ்சாபிக்காரன் ஒருவன் முன்னூறு கேட்டான். வெள்ளிக்கிழமை லீவில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பந்தயம் ஓட்டினார்கள். எண்பதில் பூட்டிய மனிதர்களுக்கு இவள் சாவி கொடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஷமா அதற்கெல்லாம் மயங்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. அந்த கேமில் இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்துகொண்டே ஒரே ரோட்டில் லாரி ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே பேசலாம், குரல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, அவன் உட்காரும்போது நமக்கு மணி நாலரை. மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வேலை செய்து சரிக்கட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் நாலு மணிக்கே ஆபீஸிலிருந்து ஓடி வருவாள். முகம் கழுவி, தலை சீவி, நல்ல துப்பட்டா போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கேமரா கிடையாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருநாள் கேட்கப்போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேரும் கல்லாறில் கிளம்பி, முன்னும் பின்னுமாகக் குன்னூர் வருவார்கள். ஆரம்பத்தில் நாற்பது நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தைலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடையைச் சாத்திவிடுவது எங்கள் அத்தா காலத்து வழக்கம். இவர்கள் பேசுவதில் ஒன்றுமே இருக்காது. இன்றைக்கு என்ன குழம்பு, ஆபீஸில் யார் லீவு, அங்கே எவ்வளவு வெயில். அந்த நாற்பது நிமிடத்தில் ஷமாவின் தோள் இறங்கி, ஒரு வாரத்து இறுக்கம் தளர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் மோட் வந்த பிறகு அது ஒன்பது நிமிடம் ஆனது. என் தம்பிக்குப் பைத்தியம் பிடித்தது போல வேகம். இவள் இரண்டாம் வளைவில் இருக்கும்போது அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பான். "செரி ஷமா, குன்னூர் வந்தாச்சு. பசங்க கூப்படறாங்க, வெக்கட்டா?" என்பான். இவள் "ம்" என்பாள். வைத்துவிடுவான். பிறகும் அவள் மெதுவாகத் தன் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நீயேதான உனக்குக் குழி வெட்டிக்கிட்ட. அந்தச் சனியனை எதுக்கு அவனுக்குச் செஞ்சு குடுத்த?" என்று ஒருநாள் பொரிந்தேன்.

"கேட்டாருங்க்கா. அவுரு எங்கிட்ட வேற என்னத்தக் கேட்கறாரு" என்றாள்.

போன ஐப்பசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். போடாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாம். எது என்று அவன் சொல்லவில்லை. ஷமாவுக்கு அவன் வந்துவிட வேண்டும். முதல் தடவையாக அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள், அடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"எனக்கு அவுரு வேணுங்க்கா. இங்க பழையபடி வாடகை வண்டி ஓட்டுனாக் கூடப் போதும். வயசு முப்பத்தொண்ணு ஆச்சு. இன்னும் ரெண்டு வருசம்னா என்னால ஆகாது."

"அதை அவங்கிட்டச் சொல்லு."

"போன்ல சொல்ல உடமாட்டேங்கறாரு. அந்தப் பேச்சை எடுத்தாலே நெட்வொர்க் சரியில்லைங்கறாரு. வெள்ளிக்கிழமை சொல்லலாம்னா ஒம்பது நிமிசம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள குன்னூர் வந்துருது."

அடுத்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டுமானால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மோட் இருக்க வேண்டும். அதனால் அவள் எதை அனுப்பினாலும் ரஃபி திறந்துகூடப் பார்க்காமல் போட்டுக்கொள்வான். வழக்கமான பெயரிலேயே புதிதாக ஒன்று கட்டினாள். அதில் லாரியை முப்பது கிலோமீட்டரில் பூட்டிவிட்டாள். புதுசு, நல்லா இருக்கும், போட்டுப் பாருங்க என்று எழுதி அனுப்பினாள்.

"இது பொய்யிங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா, பொய்தான். பாவத்துல பாதி எனக்கு. அனுப்பு" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வெளியே நல்ல மழை. ஷமா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். வழக்கம்போலச் சேர்ந்து ஏற வேண்டாம், அவள் குன்னூரிலிருந்து இறங்கி வருவாள், அவன் கல்லாறிலிருந்து ஏறி வர வேண்டும், நடுவில் பர்லியாரில் சந்திக்கலாம் என்று. வழியில் சொல்லிக்கொண்டே வருவதற்கு அது தோது என்று நினைத்தாள் போல. நான் லேபிள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு லேபிள்கூட ஒட்டவில்லை.

கிளம்பி இரண்டு நிமிடம் ஆகவில்லை. "ஷமா, வண்டி இழுக்கலையே. எல்லாக் கியரும் போட்டாச்சு, முப்பதுலயே நிக்குது" என்றான் ரஃபி.

பின்னால் சில்வஸ்டர் குரல் கேட்டது. "எஞ்சின் போயி ரஃபி. வேற வண்டி எடுக்கு."

ஷமா கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள். "எஞ்சின் நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் முப்பதுல பூட்டீட்டேன்."

"ஏனு?"

"பேசோணும்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நான் உள்ளே புகுவதற்குத் தயாராக இருந்தேன். அவன் சில்வஸ்டரை வெளியே போகச் சொன்னான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"செரி, வா. மெதுவாவே வர்றேன்" என்றான்.

முப்பதில் வந்தபோதுதான் அவனுக்கு ரோடே கண்ணில் பட்டது. ஒவ்வொரு வளைவாக நம்பர் சொல்லாமல் அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தான். இந்த இடத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், வரைந்தவன் அதை விட்டுவிட்டான் என்றான். இங்கே ஒரு தடவை யானைக்காக ஒரு மணி நேரம் வண்டியை அணைத்துப் போட்டு நின்றேன் என்றான். ஒரு குரங்கு அவனுடைய சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகப் பிடுங்கிக்கொண்டு போன கதையைச் சொன்னான். ஷமா சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு இரண்டு வருடம் இருக்கும்.

பிறகு அவள் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஏனுங்க, அந்தக் கையெழுத்து..."

"பர்லியார் வரட்டும். வண்டிய நிறுத்தீட்டுப் பேசலாம்" என்றான் அவன் அவசரமாக.

எங்கள் மலையில் இறங்குகிற வண்டிதான் நிற்க வேண்டும். ஏறி வருகிறவனுக்கு வழி விட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது சிரமம், அதனால் அந்த ஒழுங்கு. வண்டி ஓட்டாவிட்டாலும் ஷமாவுக்குப் பஸ்ஸில் போய் வந்து அது தெரியும். பர்லியாருக்குச் சற்று மேலே ஒரு வளைவில் கீழேயிருந்து வெளிச்சம் தெரிந்ததும், இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாள். ரஃபியின் லாரி வளைவைத் திரும்பி வந்தது. நேராக இவள் லாரியின் மூக்கில் வந்து மோதியது. திரை குலுங்கிவிட்டது.

"ஏனுங்க, என்ற பக்கத்துல ஏன் வந்தீங்க?" என்றாள் ஷமா.

"நான் என்ற பக்கத்துலதான் வந்தேன். நீதான் தப்பான பக்கத்துல நிக்கறே. பதினோரு வருசம் ஓட்டுன ரோடு, எனக்குத் தெரியாதா?"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "டேய் ரஃபி, கண்ணைத் தொறந்து பாரு. சோத்தாங்கைப் பக்கம் ஓரத்தை ஒட்டீட்டு நிக்கறே. எந்த ஊர்ல ஓட்டறதா நெனப்பு?" என்றேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. சவூதியில் வண்டிகள் வலது பக்கம் போகும். ஏழு வருடம் வலது பக்கமே ஓட்டியவன். இவ்வளவு நாளும் ஒன்பது நிமிடத்தில் பறந்தபோது அவனுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. எதிரே வண்டியும் கிடையாது, ரோடு முழுக்க அவனுடையதாக இருந்தது. இன்றைக்கு மெதுவாக வந்ததில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

 

"கல்லாறுல இருந்தே வலது பக்கமாத்தான் வந்திருக்கறேன் அக்கா" என்றான் ரஃபி. அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பதினாலு வளைவும் கண்ண மூடீட்டு ஏறுவேன். இப்ப எந்தப் பக்கம் போறதுன்னே மறந்துருச்சு. அங்க வந்து நான் என்னத்த ஓட்டறது? முதல் நாளே யாரையாச்சும் இடிச்சுக் கொன்னு போடுவேன்."

"ஓட்ட வேண்டாம்" என்றாள் ஷமா. "ஒண்ணும் ஓட்ட வேண்டாம். அக்கா கடையில உக்காருங்க. சும்மா வேணாலும் உக்காருங்க. எனக்கு நீங்க வேணும். ராத்திரி படுத்தா பக்கத்துல ஆள் வேணும். கையெழுத்துப் போடாதீங்க. அதச் சொல்றதுக்குத்தான் முப்பதுல பூட்டுனேன்."

இதை அவள் எப்படிச் சேர்த்து வைத்திருந்தாளோ, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி தம்பியிடம் பேசுவதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போகவும் இல்லை.

"போன வாரம் செவ்வாக்கிழமையே போட்டுட்டேன் ஷமா."

ஷமா துப்பட்டாவின் முனையைக் கையில் எடுத்தாள்.

"மேனேஜர் பேப்பரை நீட்டுனாரு. வரிசையா எல்லாரும் போட்டாங்க. சில்வஸ்டரும் போட்டான். எனக்கு அங்க வந்து என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. போட்டுட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் போன வெள்ளிக்கிழமை அவ்வளவு வேகமா போயிட்டேன்."

"லீவு?"

"இன்னும் ஒரு வருசம் ஆகும்."

நான் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது? வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தவனைச் சும்மா உட்காராதே என்று விரட்டி விரட்டி அனுப்பியவள் நான். அந்தப் பயத்தை அவனுக்குள் முதலில் வைத்தது என் வாய்தான். இவள் இப்போது சும்மா உட்காருங்க என்று கெஞ்சுகிறாள். நான் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும்.

ஷமா துப்பட்டாவின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்கிற கருவி அது. ஆனால் வைக்கட்டா என்று அவன் கேட்கவில்லை. இரண்டு லாரிகளும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு அந்த வளைவில் நின்றன. கேமிலும் மழை தூறிக்கொண்டிருந்தது.

"பின்னால எடுங்க" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?"

"எடுங்க. நான் திருப்பிக்கறேன். நான் முன்னால போறேன், என்ற பின்னாலயே வாங்க. எடது பக்கம்."

அவன் பின்னால் எடுத்தான். இவள் அந்த வளைவில் லாரியை முன்னும் பின்னும் ஆறு தடவை எடுத்துத் திருப்பினாள். இரண்டு தடவை சுவரில் இடித்தாள். அவன் காத்திருந்தான். பிறகு இவள் முன்னே ஏறினாள், அவன் பின்னே வந்தான். "எடது" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் "ம்" என்றான். மரப்பாலம் தாண்டி, காட்டேரி தாண்டி, ஒரு மணி நேரம் கிட்ட ஆகியிருக்கும். இடையில் கதவைத் தட்டி யாரோ பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்னிக்கு நான் வரல என்று அவன் சொன்னது கேட்டது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு லாரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே நிஜக் குன்னூரில் விளக்குகள் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஷமா, அடுத்த வெள்ளிக்கு இருபதுல பூட்டி அனுப்பு" என்றான் ரஃபி.

"இருபதுல ஏத்தம் ஏறாதுங்க. பாதி வழியில வண்டி நின்னுரும்."

"நிக்கட்டும்" என்றான்.